கர்ப்பத்தின் நடு மாதங்களுக்கு உடற்பயிற்சிப் பந்து: வாங்கலாமா?

மசக்கை அடங்கி, வயிறு இன்னும் பெரிதாகத் தள்ளாத 14 முதல் 27 வாரங்களில்தான் பலரும் இந்தப் பந்தைத் தேடுகிறார்கள். தாராளமாக வாங்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தே இறுகிப்போன இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் இது நல்ல சாதனம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அளவையும், உள்ளே வரும் பயிற்சித் தாளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

பெரும்பாலான பெட்டிகள் உயரத்தை வைத்து 55, 65, 75 செ.மீ. என்று அளவு சொல்லும். உண்மையில் பார்க்க வேண்டியது கால் நீளத்தை. பந்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். முழங்கால் மேலே வந்தால் வால் எலும்பு உள்ளே மடங்கி, முதுகு வளைந்து, வயிறு அமுங்கும். குதிகால் தூக்கினால் பந்து உருண்டுவிடும். இரண்டு அளவுக்கு நடுவில் இருப்பவர்கள் பெரியதை வாங்கிக் காற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது. கொஞ்சம் தளர்ந்த பந்து ஆடாமல் நிற்கும்.

காற்றடிக்கும்போதுதான் அதிகம் தவறு நடக்கிறது. சுவரில் உங்களுக்கு வேண்டிய பந்து உயரத்தில் (உதாரணமாக 65 செ.மீ.) பென்சிலால் கோடு போட்டு, முதல் நாள் அதற்குக் கொஞ்சம் கீழே வரை மட்டும் அடியுங்கள். ஒரு நாள் விட்டால் பந்தின் பிவிசி பிளாஸ்டிக் தளரும். மறுநாள் மீதியை அடிக்கலாம். ஒரே மூச்சில் அடித்தால் அடைப்பானைச் சுற்றி இழுபட்டுக் காற்று கசியலாம்.

'வெடிக்காது' என்ற முத்திரைக்கு, ஓட்டை விழுந்தால் காற்று மெதுவாக இறங்கும் என்பது மட்டும்தான் பொருள். வழுக்காது என்பதற்கு அது உத்தரவாதமில்லை. இந்த மாதங்களில் மூட்டுகளின் தசைநார்கள் தளர்ந்திருக்கும். வயிறு முன்னே வருவதால் உடலின் சமநிலையும் மாறியிருக்கும். வழவழப்பான தரையும் காலுறையும் சேர்ந்தால் ஆபத்து. ரப்பர் விரிப்பு, வெறுங்கால், பந்துக்குப் பின்னால் இரு சுவர் சேரும் மூலை: இவை மூன்றும் வேண்டும். பந்தை ஒரு கையால் பிடித்தபடி, அது கெண்டைக்காலில் படும்வரை பின்னால் வந்து, கால்களை அகட்டி மெதுவாக உட்காருங்கள். எழும்போது அவசரப்படாதீர்கள். நடு மாதங்களில் இரத்த அழுத்தம் சற்றுக் குறைவதால் தலை சுற்றலாம்.

பயிற்சித் தாள் பெரும்பாலும் கர்ப்பிணிகளுக்காக அச்சிட்டதல்ல. பந்தில் மல்லாந்து வயிற்றைச் சுருக்கும் பயிற்சியும், குப்புறப் படுக்கும் பயிற்சியும் அதில் இருக்கும். இரண்டையும் விட்டுவிடுங்கள். மல்லாந்து படுத்தால் கருப்பை, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை அழுத்தக்கூடும், தலைசுற்றல் வரும். எந்தப் பயிற்சியிலும் வயிற்றின் நடுக்கோடு கூம்பு மாதிரி புடைத்தால் நிறுத்துங்கள். நடுவில் இருக்கும் இணைப்புத் திசுவுக்கு அது அதிகச் சுமை.

செய்யத் தகுந்தவை எளியவை. உட்கார்ந்தபடி இடுப்பை முன்னும் பின்னும் 10 முறை சாய்த்தல், இரு பக்கமும் வட்டமாகச் சுற்றுதல். சுவருக்கும் கீழ்முதுகுக்கும் நடுவில் பந்தை வைத்து 8 முறை பாதி அளவு உட்கார்ந்து எழுந்திருத்தல். மூச்சை அடக்கக் கூடாது. முட்டி போட்டு நெஞ்சையும் கைகளையும் பந்தில் சாய்த்து ஓய்வெடுப்பது முதுகுக்கு இதம். பேச முடிகிற அளவு மூச்சு இருந்தால் வேகம் சரி. வாரத்துக்குப் பரிந்துரைக்கப்படும் 150 நிமிட மிதமான உழைப்பை இந்தப் பந்து மட்டும் தராது. நடையோ நீச்சலோ கூடவே வேண்டும்.

கருப்பை வாய்த் தையல், இரத்தப்போக்கு, குறைப்பிரசவ அறிகுறி, கர்ப்ப கால உயர் இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கருப்பையின் கீழ்ப்பகுதியில் இருப்பது ஆகியவை இருந்தால் மருத்துவர் சொல்லாமல் பந்தைத் தொடாதீர்கள். இரத்தம், நீர்க்கசிவு, விட்டுவிட்டு வரும் வலி, நெஞ்சு வலி, கெண்டைக்கால் வீக்கம், இதில் எது வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவரை அழையுங்கள்.

வாரம் ஒருமுறை சுவர்க் கோட்டோடு பந்தை ஒப்பிட்டுப் பாருங்கள். காற்றும் குறையும், உங்கள் எடையும் கூடும்; இரண்டு விரல் அளவு தாழ்ந்தாலே முழங்கால் மேலே வந்துவிடும்.