ஏஆர்-15க்கு எந்த அப்பர்? என் ஓட்டு மிட்லெங்த்துக்கே

டெக்சாஸில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகும் நண்பர்களிடம் ஏஆர்-15 ரைஃபிள் பற்றிப் பேச்சு எழுந்தால் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான். லோயர், அதாவது துப்பாக்கியின் கீழ்ப்பாதி, கையில் இருக்கிறது; அப்பர் என்கிற மேல்பாதியை முழுதாக எதை வாங்குவது? நானும் இதே கேள்வியோடு கொஞ்ச நாள் அலைந்துவிட்டு ஒன்றை வாங்கினேன். 16 அங்குல பேரல் (குண்டு ஓடும் குழல்), மிட்லெங்த் அதாவது நடுத்தர நீள கேஸ் சிஸ்டம் (வெடிக்கும் வாயுவை வைத்துத் துப்பாக்கியை இயக்கும் அமைப்பு), பேரலின் உள்ளே குரோம் பூச்சு. அதன் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன். ஏன் சாய்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டால், உங்கள் தேவை வேறாக இருக்கும்போது நீங்களே வேறு முடிவு எடுத்துக்கொள்ளலாம்.

புதியவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த இந்தத் துப்பாக்கி இரண்டு பாதியாகப் பிரியும். கீழ்ப்பாதியில் டிரிகர், மேகஸின் செருகும் இடம், பின்கட்டை. மேல்பாதியில் பேரல், தோட்டாவைப் பூட்டிப் பிடிக்கும் போல்ட், பேரலைச் சுற்றிக் கை பிடிக்கும் ஹேண்ட்கார்டு. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை இரண்டே பின்கள். அமெரிக்கச் சட்டத்தின் கணக்கில் சீரியல் எண் பொறித்த லோயர்தான் துப்பாக்கி. அதை உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்கும்போது படிவம் 4473 நிரப்ப வேண்டும், பொதுவாகப் பின்னணிச் சோதனையும் உண்டு. அப்பர் வெறும் உதிரி பாகம், பெரும்பாலான மாநிலங்களில் வீட்டு வாசலுக்கே பார்சலில் வரும். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், வாஷிங்டன் மாநிலங்களில் இந்த வகைத் துப்பாக்கிக்கே கெடுபிடி அதிகம். அங்கே இருப்பவர்கள் முதலில் சட்டத்தைப் படியுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருப்பவர்கள் வழக்கறிஞரிடம் கேட்காமல் அப்பர் பக்கமே போக வேண்டாம். ஆறு மாதம் காத்திருப்பதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, குடியேற்றக் கோப்பில் ஒரு கீறல் விழுந்தால்தான் வாழ்க்கையே மாறும்.

சரி, இப்போது போட்டியாளர்கள். நான் எடைபோட்டுப் பார்த்தது மூன்று வகை.

முதலாவது, 16 அங்குல பேரலில் கார்பைன் நீள கேஸ் சிஸ்டம், மூன்றிலும் குட்டையானது. மலிவு அப்பர்களில் பெரும்பாலும் இதுதான் வரும். பாமெட்டோ ஸ்டேட் ஆர்மரி போன்ற கடைகளில் தள்ளுபடி நேரத்தில் வாங்கினால் மற்ற இரண்டையும் விட நூறு, இருநூறு டாலர் மிச்சமாகும். இரண்டாவது, அதே 16 அங்குலத்தில் மிட்லெங்த். பிசிஎம், டேனியல் டிஃபென்ஸ், ஏரோ பிரிசிஷன் எல்லோரிடமும் கிடைக்கிறது. மூன்றாவது, 18 அங்குல ஸ்டெயின்லெஸ் பேரலில் ரைஃபிள் நீள கேஸ் சிஸ்டம். தாளில் துளைகளை நெருக்கமாக விழ வைக்க விரும்புகிறவர்களின் தேர்வு.

வாயு நேராகப் போல்ட்டுக்குப் போகாமல் ஒரு தண்டைத் தள்ளி இயக்கும் பிஸ்டன் வகையை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. எடை முன்பக்கம் கூடுகிறது. அதோடு பாகங்கள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி. இன்று வாங்கிய நிறுவனம் நாளை அந்த மாடலை நிறுத்திவிட்டால் உதிரி பாகத்துக்கு எங்கே போவது?

ஹேண்ட்கார்டு, போல்ட்டைக் கையால் இழுக்கும் சார்ஜிங் ஹேண்டில், பேரல் முனையில் உதையைக் குறைக்க இருக்கும் பிரேக் ஆகியவற்றைப் பற்றி ஆளாளுக்கு மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். எனக்கு அதில் அக்கறை குறைவு. பிடிக்கவில்லையென்றால் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து மாற்றிவிடலாம். துணைப்பொருள் மாட்டும் எம்-லாக் துளைகள் உள்ள, பேரலைத் தொடாமல் நிற்கும் ஹேண்ட்கார்டாக இருந்தால் போதும். ஆனால் பேரலில் கேஸ் துளை எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை வாங்கிய பிறகு சுலபமாக மாற்ற முடியாது. துளை தவறான இடத்தில் இருந்தால் பேரலையே கழற்றி எறிய வேண்டும். எனக்கு முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

தோட்டா வெடித்ததும் குண்டு பேரலுக்குள் ஓடுகிறது. வழியில் இருக்கும் சிறு துளையை அது தாண்டியதும், பின்னால் வரும் வாயுவில் ஒரு பங்கு அந்தத் துளை வழியே மேலே ஏறி, மெல்லிய குழாய் வழியாகத் திரும்பி வந்து, போல்ட்டைச் சுமக்கும் போல்ட் கேரியரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. காலி உறை வெளியே தெறிப்பதும் அடுத்த தோட்டா ஏறுவதும் இந்த வேகத்தில்தான். கார்பைனில் அந்தத் துளை போல்ட் முகப்பிலிருந்து ஏறத்தாழ 8 அங்குலத்தில் இருக்கிறது. மிட்லெங்த்தில் 10 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ரைஃபிள் நீளத்தில் 13 அங்குலம். துளை பின்னால் வர வர அங்கே அழுத்தமும் வெப்பமும் கூடும்.

இதோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. துளையைத் தாண்டிய பிறகு குண்டு பேரலை விட்டு வெளியேறும் வரை கேஸ் சிஸ்டத்தில் அழுத்தம் நிலைத்திருக்கும். 20 அங்குல பழைய எம்16இல் துளைக்குப் பின் சுமார் 7 அங்குலம் மிச்சம். ராணுவத்தின் எம்4இல் 14.5 அங்குல பேரலும் கார்பைன் துளையும், அங்கேயும் கிட்டத்தட்ட அதே 7 அங்குலம். ஆனால் பொதுமக்கள் வைத்திருக்கும் ரைஃபிளின் பேரல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் சட்டப்படி அது வேறு வகையாகிவிடும், தனிப் பதிவு தேவை. அதனால் குட்டைப் பேரலுக்காகப் பிறந்த கார்பைன் துளையை அப்படியே வைத்துக்கொண்டு பேரலை மட்டும் நீட்டினார்கள். விளைவு, துளைக்குப் பின் 8 அங்குலம். துளையிலும் அழுத்தம் அதிகம், அது நிற்கும் நேரமும் அதிகம். மிட்லெங்த்தில் துளை முன்னால் நகர்ந்து மிச்சம் 6 அங்குலம் சொச்சமாகிறது, தொடங்கும் அழுத்தமும் குறைகிறது.

ரேஞ்சில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நண்பர் ஒருவரின் மலிவு கார்பைன் அப்பரிலிருந்து விழுந்த உறைகளையும் என்னுடையதிலிருந்து விழுந்தவற்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே பெட்டித் தோட்டா. அவருடைய உறைகளின் அடி விளிம்பில், உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிடித்த இடம் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் அளவுக்கு மடங்கியிருந்தது. உறை இன்னும், தோட்டா உட்காரும் சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே போல்ட் அவசரமாக இழுத்ததன் அடையாளம் அது. என் உறைகளில் லேசான கோடு மட்டும். அவருடையவை வலப்பக்கம் முன்னோக்கிப் பறந்து அடுத்த லேன்காரரின் மேஜையில் விழுந்தன. என்னுடையவை வலப்பக்கம் சற்றுப் பின்னால் ஒரே இடத்தில் குவிந்தன. உறையைப் பொறுக்கி மறுபடி தோட்டா நிரப்புபவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. விளிம்பு சிதைந்த உறை குப்பைக்குத்தான்.

உறைக்கு ஆகும் கதியே மெல்ல மெல்ல போல்ட்டுக்கும் ஆகும். வேகமாக அடிபடும் போல்ட்டில் எக்ஸ்ட்ராக்டரை ஒட்டிய பற்களும், போல்ட்டைச் சுழற்றும் கேம் பின் போகும் துளையைச் சுற்றிய இடமும்தான் முதலில் விரிசல் காணும். எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங் சீக்கிரம் தளரும். கார்பைனில் கனமான பஃபர் (போல்ட் கேரியரின் பின்னோட்டத்தைத் தாங்கும் எடை) போட்டு இந்த வேகத்தைத் தணிக்கலாம், பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். சாதாரண கார்பைன் பஃபரை எடுத்துவிட்டு அதைவிடக் கனமான எச் அல்லது எச்2 போட்டாலே நல்ல மாற்றம் தெரியும். ஆனால் நோய் துளையில் இருக்க, பஃபருக்கு மருந்து கொடுப்பதில் எனக்கு நிறைவில்லை. அமெரிக்கச் சிறப்புப் படைகளே தங்கள் எம்4களுக்கு கைஸ்லி நிறுவனத்தின் புதிய அப்பரை எடுத்தபோது 14.5 அங்குலத்தில் மிட்லெங்த் பேரலுக்குத்தான் மாறின. அந்த நீளத்தில் கார்பைன் துளை எத்தனையோ ஆண்டு ஓடிய பிறகும் மாறினார்கள் என்றால், 16 அங்குலத்தில் யோசிக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

அதற்காக மிட்லெங்த் என்று எழுதியிருந்தாலே வாங்கிவிடலாம் என்றும் சொல்ல மாட்டேன். துளையின் அளவும் சரியாக இருக்க வேண்டும். மலிவு பேரல்களில், எந்த மட்டமான தோட்டாவைப் போட்டாலும் ஓடட்டும் என்று துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டுவிடும் வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் புகார் வராது, தேய்மானம் மட்டும் சத்தமில்லாமல் கூடும். துளையின் விட்டத்தை வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். விளம்பரத்தில் இல்லையென்றால் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். நல்ல நிறுவனம் பதில் சொல்லும்.

பேரலின் உள்பூச்சு அடுத்தது. குரோம் பூச்சு, நைட்ரைடு, வெறும் ஸ்டெயின்லெஸ் என்று மூன்று. ஒரு மதியத்தில் நிறையச் சுடுபவர்களுக்கும், சுட்டுவிட்டு அன்றைக்கே துடைக்கச் சோம்பல்படுபவர்களுக்கும் குரோம்தான் நல்லது. வெப்பத்தையும் துருவையும் தாங்கும், கரி சுலபமாக வந்துவிடும். நைட்ரைடு விலை குறைவு, துருவுக்கு நன்றாகவே தாங்கும். வேகமாகச் சுட்டுப் பேரலைச் சூடாக்குபவர்களுக்கு மட்டும் குரோமுக்கு ஒரு படி கீழே வைப்பேன். ஸ்டெயின்லெஸ் துல்லியத்தில் முந்தும், ஆயுளில் பிந்தும்.

18 அங்குல ஸ்டெயின்லெஸ் வகைக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது இது. .223 வைல்டு என்ற வகைச் சேம்பர், 1:8 முறுக்கு (குண்டு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழலும்), 77 கிரெயின் (எடை அளவு) குண்டு என்று சேர்த்துவிட்டால் 300 கெஜத்துக்கு மேலே அது காட்டும் அழகே தனி. உதையும் மூன்றிலேயே மென்மையானது. பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகச் சுடுபவர், தோட்டாவுக்குச் செலவு செய்யத் தயங்காதவர் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். எனக்குத் தயக்கம் இரண்டு. துளைக்குப் பின் மிச்சம் 5 அங்குலம்தான் என்பதால், பலவீனமான மலிவுத் தோட்டாக்களில் சில அப்பர்கள் திணறும். நான் வாங்குவது பெரும்பாலும் 55 கிரெயின் மலிவுப் பெட்டிதான். அப்புறம் எடை. நின்றபடி சுடும்போது அந்தக் கனம் சீக்கிரமே கையில் தெரிந்துவிடும். இந்த வகை நண்பர்களுடையதைச் சுட்டுப் பார்த்த அனுபவம்தான் எனக்கு, சொந்தமாக வைத்துப் பராமரித்ததில்லை. அதனால் அதன் நீண்டகாலப் போக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸர் மாட்டுபவர்களுக்கும் என் கணக்கு அப்படியே பொருந்தாது. சப்ரஸர் பின்னழுத்தத்தைக் கூட்டும், துளை இன்னும் சிறிதாக இருப்பது அவர்களுக்கு நல்லது.

முறுக்கு பற்றி ஒரு வரி. 1:7, 1:8 இரண்டும் 55 முதல் 77 கிரெயின் வரை நன்றாகவே தாங்கும். 1:9 என்றால் கனமான நீளக் குண்டுகளை மறந்துவிட வேண்டியதுதான். மறுவிற்பனையில் பெயர் பெற்ற நிறுவனங்களின் அப்பர் விலை நிற்கும், இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

யாருக்கு கார்பைன் போதும்? ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ரேஞ்சுக்குப் போய் ஓரிரு பெட்டி சுட்டுவிட்டு வருபவருக்குத் தாராளமாகப் போதும். நான் சொல்லும் தேய்மானம் அவர் கண்ணில் படவே பல ஆண்டு ஆகும். மிச்சமாகும் காசுக்குத் தோட்டாவும், பூட்டுள்ள நல்ல இரும்புப் பெட்டியும் வாங்கட்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பெட்டி அப்பருக்கு முன்னால் வாங்க வேண்டியது. மாதம் தவறாமல் சுடுபவர் மிட்லெங்த்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைப் போல்ட்டிலும் உறையிலும் திரும்ப எடுத்துவிடுவார்.

விலையைப் பார்க்கும்போது போல்ட் கேரியரும் சேர்ந்ததா என்று பாருங்கள். 'முழு அப்பர்' என்று போட்டுவிட்டு போல்ட் கேரியரும் சார்ஜிங் ஹேண்டிலும் இல்லாமல் அனுப்புவது பல கடைகளில் வழக்கம். தனியாக வாங்கினால் நூறு டாலருக்கு மேல் கூடிவிடும். வேறு நிறுவனத்தின் போல்ட்டைப் போட்டால், சுடுவதற்கு முன் கேஜ் வைத்து ஹெட்ஸ்பேஸ் (தோட்டா உட்காரப் போல்ட்டுக்கும் சேம்பருக்கும் இடையே இருக்கும் இடம்) சரிபார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

பார்சல் வந்ததும் போல்ட் கேரியரை எடுத்து அதன் தலைமேல் இருக்கும், வாயு நுழையும் சிறு குழாயான கேஸ் கீயைப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களின் பக்கவாட்டில் உலோகத்தை உளியால் அழுத்தி ஸ்க்ரூத் தலைக்குள் தள்ளியிருக்க வேண்டும். வெறும் புள்ளி வைத்ததுபோல் இருந்தால் அந்த ஸ்க்ரூ ஒருநாள் தளரும், வாயு கசிந்து துப்பாக்கி அடிக்கடி சிக்கும். போல்ட்டில் எம்பி என்ற எழுத்து இருந்தால் விரிசல் இருக்கிறதா என்று காந்தச் சோதனையில் பார்த்தது என்று பொருள். பேரலின் மேல் சேம்பர் வகையும் முறுக்கும் பொறித்திருக்கும், ஆர்டர் செய்ததோடு ஒத்துப்போகிறதா என்று படித்துவிடுங்கள். ஏதாவது ஒன்று உதைத்தால் ஒரு தோட்டாகூடச் சுடாமல் திருப்பி அனுப்புங்கள். சுட்ட அப்பரைப் பல கடைகள் திரும்ப வாங்காது.