இன்க்ரெடிகோஸ்டர்: பழைய மெட்டுக்குப் புதுப் பாட்டு

ஓடிக்கொண்டிருக்கும் ரோலர் கோஸ்டருக்குப் புதிதாக ஒரு கதையை மாட்டுவது மெட்டுக்குப் பாட்டு எழுதுகிற வேலை. மெட்டு ஏற்கெனவே இருக்கிறது. எங்கே ஏற்றம், எங்கே சரிவு, எந்த வளைவில் எத்தனை வினாடி என்பதெல்லாம் இரும்பில் எழுதியாகிவிட்டது. புதிதாக வருபவர் அந்த நேரக் கணக்குக்குள் சொல்லைப் பொருத்தியாக வேண்டும். கலிஃபோர்னியாவின் அனஹெய்ம் நகரில், டிஸ்னி கலிஃபோர்னியா அட்வெஞ்சர் பூங்காவில் ஓடும் இன்க்ரெடிகோஸ்டரை அப்படித்தான் எடைபோட வேண்டும். பாட்டில் பாதி மெட்டில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. மீதிப் பாதி மெட்டைக் காதில் வாங்காமலே எழுதப்பட்டிருக்கிறது.

இதன் பழைய பெயர் கலிஃபோர்னியா ஸ்க்ரீமின். பூங்கா திறந்த 2001 பிப்ரவரி 8 அன்றே இதுவும் ஓடத் தொடங்கியது. கட்டியது இன்டமின் நிறுவனம். பாதைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது கோஸ்டர் வடிவமைப்பு நிறுவனமான ஸ்டெங்கல் அலுவலகம். தண்டவாளத்தின் நீளம் 6,072 அடி, அதாவது 1,850 மீட்டர். உயரம் 120 அடி, பெரிய சரிவு 108 அடி, உச்ச வேகம் மணிக்கு 55 மைல், தலைகீழாகச் சுற்றும் லூப் ஒன்று. 2018 ஜனவரியில் மூடி, ஐந்தரை மாதத்தில் புதுப் பெயரோடு ஜூன் 23 அன்று திறந்தார்கள். அதே நாளில் பாரடைஸ் பியரின் இந்தப் பகுதியும் பிக்ஸார் பியர் ஆனது. புதுக் கதை வந்தது பிக்ஸாரின் ‘இன்க்ரெடிபிள்ஸ்’ என்ற சூப்பர் ஹீரோ குடும்பத்து அனிமேஷன் படங்களிலிருந்து. ‘இன்க்ரெடிபிள்ஸ் 2’ அதற்கு எட்டு நாள் முன்புதான் வெளியாகியிருந்தது. அவசரத்துக்குக் காரணம் விளங்கும்.

முதலில் இழப்பைச் சொல்லிவிடலாம். ரசிகர்களிடையே இன்றும் சூடு ஆறாத விவாதம் அதுதான். பழைய கோஸ்டரின் கருப்பொருள் கதை அல்ல, ஒரு காலம். நூறு ஆண்டுக்கு முந்தைய அமெரிக்கக் கடற்கரைப் பொழுதுபோக்குத் திடல்களில் இருந்த மரக் கோஸ்டரைப் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே வெள்ளை எஃகுக் குழாய்களை நெருக்கமான வலைப்பின்னலாக நிறுத்தினார்கள். இவ்வளவு தூண்கள் எஃகுக் கோஸ்டருக்குத் தேவையே இல்லை.  தேவையற்ற அந்தத் தூண்கள்தான் அலங்காரம். பூங்காவின் ஏரிக்கு அப்பால் நின்று பார்த்தால் மரக் கோஸ்டர்; அருகில் போனால் வழக்கமான மரக் கோஸ்டரில் இல்லாத லூப் கண்ணில் படும். அந்தச் சிறு அதிர்ச்சியில்தான் பழைய வடிவமைப்பின் அழகு இருந்தது.

இப்போது வெள்ளைத் தூண்களுக்கு மேல் சிவப்புத் தண்டவாளம் ஓடுகிறது. சிவப்பு, படத்தின் நாயகர்கள் அணியும் உடையின் நிறம். புகைப்படத்தில் பளிச்சென்று விழுகிறது, தூரத்திலிருந்தே கோஸ்டரின் பாதையைக் கண்ணால் பின்தொடர முடிகிறது. ஆனால் மரக் கோஸ்டர் என்ற மயக்கம் அதோடு போய்விட்டது. மயக்கம் போன பிறகும் தூண்காடு மட்டும் அப்படியே நிற்கிறது. 1960களின் நவீன பாணியில் மாற்றியமைத்த ஏறுமிடக் கட்டடத்துக்கும் அந்தத் தூண்களுக்கும் எந்த உறவும் இல்லை. கட்டடத்தைத் தனியாகப் பார்த்தால் நேர்த்தி. சுத்தமான கோடுகள், படத்தின் உலகத்திலிருந்து எடுத்து வைத்ததுபோல. முழுக் காட்சியில் இரண்டு வேறு காலங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன.

அடுத்தது சுரங்கங்கள். இந்த மாற்றத்தின் உயிரும் அதுதான், பிழையும் அதுதான்.

பூங்காவுக்கு அருகிலேயே விடுதிகளும் வீடுகளும் இருப்பதால், அலறல் சத்தம் வெளியே பரவாமல் இருக்க ஏற்றங்களின் மேல் குழாய்போன்ற மூடிகளை 2001லேயே போட்டிருந்தார்கள். சத்தத் தடுப்புக்காக வந்த அந்தக் குழாய்களைக் கதை சொல்லும் இடமாக மாற்றியது புத்திசாலித்தனமான முடிவு. தண்டவாளத்தைத் தொடாமல், சுமைக் கணக்கைப் பெரிதாகக் கலைக்காமல், எங்கே மூடிய இடம் ஏற்கெனவே இருக்கிறதோ அங்கேயே அரங்கம் அமைத்தார்கள். கதையும் எளிது: அந்தக் குடும்பத்தின் கைக்குழந்தை ஜாக்-ஜாக், அவர்களுக்கு உடை வடிவமைக்கும் எட்னா மோடின் கையிலிருந்து நழுவிவிடுகிறான், குடும்பம் முழுக்கத் துரத்துகிறது, நாமும் கூடவே போகிறோம். துரத்தல் என்பதால் வேகத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு கோஸ்டருக்கு இதைவிடப் பொருத்தமான கதைக்கரு கிடைப்பது அரிது.

பிழை எங்கே என்றால், சுரங்கத்துக்குள் நிற்கும் உருவங்களில். அதிவேகமாக ஓடும் மகன் டேஷ், கைகள் நீண்ட அம்மா இலாஸ்டிகேர்ள், நெருப்பாக மாறிய ஜாக்-ஜாக், பல பிரதிகளாகப் பெருகிய ஜாக்-ஜாக் எல்லாம் அசையாத சிலைகள். விளக்கை விட்டுவிட்டு அடித்து அசைவு இருப்பதுபோலக் காட்டுகிறார்கள். மணிக்கு 55 மைல் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர். ஓர் உருவம் 10 மீட்டர் முன்னாலேயே கண்ணில் பட ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அதைக் கடக்க 0.4 வினாடிதான் ஆகும். அந்த நேரத்தில் கண் ஒரு நிறத்தையும் ஒரு வடிவத்தையும் பிடிக்கும். முகபாவத்தையோ, யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதையோ பிடிக்காது. எனவே வேகமான இடத்தில் நிற்கும் உருவம் சிலையாக இருந்தாலும் குற்றமில்லை. லாஞ்சின்போது, அதாவது மோட்டார் ரயிலை உந்தித் தள்ளும்போது, கூடவே ஓடும் டேஷ் நன்றாக எடுபடுவது அதனால்தான்: மின்னல் மாதிரி வந்து போகிற பாத்திரத்தை மின்னல் மாதிரிக் காட்டினால் போதும்.

ரயில் மெதுவாக ஏறும் இடங்களில்தான் சிக்கல். மொத்த ஓட்டம் 2 நிமிடம் 36 வினாடி. 1,850 மீட்டரை 156 வினாடியால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு சுமார் 43 கிலோமீட்டர், உச்ச வேகத்தில் பாதிகூட இல்லை. அதாவது ஓட்டத்தில் கணிசமான நேரம் ரயில் மெல்லத்தான் நகர்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் உருவத்தை நிதானமாகப் பார்க்கிறார், அசையவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. பொம்மைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்ததுபோல இருக்கிறது என்ற குறை பெரும்பாலும் இந்த இடங்களைப் பற்றியதுதான். அசையும் உருவம் எங்கே தேவையோ அங்கே சிலை. சிலை போதும் என்கிற இடத்திலும் சிலை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு செலவு செய்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

இதற்கு நியாயமான காரணமும் உண்டு. கோஸ்டரின் பாதையைச் சுற்றி, உட்கார்ந்திருப்பவர் கை கால் நீட்டினாலும் எதுவும் படாத அளவுக்கு ஒரு வெற்றிடம் இருந்தாக வேண்டும். உருவங்களை அதற்கு வெளியேதான் வைக்க முடியும். ரயில் அதிரும் இடத்தில் அசையும் பொறியை வைத்தால், ஒரு திருகு கழன்று தண்டவாளத்தில் விழுந்தாலே ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். ஏறி இறங்கிப் பழுதுபார்ப்பதும் உயரத்தில் நடக்க வேண்டிய வேலை. இவ்வளவும் சரி. ஆனால் மெதுவான ஒரே ஓர் ஏற்றத்திலாவது அசையும் உருவம் ஒன்றை வைத்திருந்தால் மற்ற சிலைகளை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பகலில் போனால் இன்னொரு இழப்பு. கலிஃபோர்னிய வெயிலிலிருந்து சுரங்கத்துக்குள் நுழையும் கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் ரயில் வெளியே வந்துவிடுகிறது. விளக்கின் பிரகாசம் எவ்வளவு கூடினாலும் வெயிலோடு போட்டிபோட முடியாது. இரவில் இதே சுரங்கங்கள் வேறு ஆளாகிவிடுகின்றன: நிறம் ஆழமாகிறது, உருவங்களின் பின்னணி மறைகிறது, சிவப்புத் தண்டவாளம் விளக்கொளியில் ஏரி நீரில் தெரிகிறது. ஒருமுறைதான் ஏற முடியும் என்றால் சூரியன் மறைந்த பிறகு ஏறுங்கள்.

ஒலியில் குறை சொல்ல எதுவுமில்லை. படத்துக்கு இசையமைத்த மைக்கேல் ஜக்கினோவின் இசை, பித்தளைக் கருவிகள் வெடித்துக் கிளம்பும் ஜாஸ், லாஞ்சுக்கு என்றே பிறந்ததுபோல. ஒலிபெருக்கி இருக்கையிலேயே இருப்பதால் காற்றிரைச்சல் இசையை விழுங்குவதில்லை. ஒரு நுட்பத்தைக் கவனித்தால் சுவை கூடும். ரயிலில் ஆறு பெட்டிகள், 12 வரிசை, 24 பேர். ரயிலின் நீளம் சுமார் 15 மீட்டர் என்று கொண்டால், வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் முன்வரிசை கடந்த விளக்கைக் கடைசி வரிசை முக்கால் வினாடி கழித்துத்தான் கடக்கும். இசையின் ஓர் அடியையும் ஒரு விளக்கையும் எல்லா வரிசைக்கும் ஒன்றாகச் சேர்த்துவைப்பது எளிதல்ல. அடிக்கு அடி இணையும் காட்சியை நம்பாமல், தொடர்ந்து ஓடும் தாளத்தை நம்பி இசையை அமைப்பதே இந்த மாதிரி கோஸ்டருக்குச் சரியான வழி. இங்கே அது கைகூடியிருக்கிறது.

சுட்ட பிஸ்கட் வாசனையும் ஒரு சுரங்கத்தில் வரும், ஜாக்-ஜாக்கைப் பிடிக்க வைத்த தூண்டில். சிறு பிள்ளைகளுக்குக் கடைசியில் நினைவில் தங்குவது பெரும்பாலும் அதுதான். வேகத்தில் காற்று கலைத்துவிடுவதால் சில ஓட்டங்களில் மூக்குக்கு எட்டாமலும் போகும்.

கதை, நிறம் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், இது இன்னும் அருமையான கோஸ்டர். ஏறுமிடத்திலிருந்து இறங்கி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ரயில் நிற்கும்; அங்கிருந்து, மின்காந்த விசையால் நேர்கோட்டில் தள்ளும் லீனியர் இண்டக்ஷன் மோட்டார்கள் நான்கு வினாடியில் 55 மைலுக்குத் தள்ளும். கணக்குப்படி புவியீர்ப்பில் ஏறக்குறைய 0.6 மடங்கு முடுக்கம். ஃப்ளோரிடாவின் இன்க்ரெடிபிள் ஹல்க் கோஸ்டர் இரண்டு வினாடியில் 40 மைல் தொடும், அது 0.9 மடங்கு. அந்த அறைகிற உணர்வு இங்கே இல்லை. இது முதுகில் கை வைத்து நீளமாகத் தள்ளுகிற தள்ளல், கோஸ்டருக்குப் புதியவர்களுக்கும் தாங்கும். பெரிய சரிவில் இறங்கி லூப்புக்குள் நுழையும் இடம் முழு ஓட்டத்தின் உச்சி. 108 அடி விழுந்தால் உராய்வே இல்லாத கணக்கில் வரும் வேகம் சுமார் 57 மைல். லாஞ்சில் கிடைத்த வேகத்தைப் பாதையின் நடுவே புவியீர்ப்பு மட்டுமே ஏறத்தாழ மறுபடி கொடுத்துவிடுகிறது. ஸ்டெங்கல் அலுவலகத்தின் கைவண்ணம் இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரியும்.

ஹல்க்கைச் சொன்னதால் ஒப்பிட்டே பார்க்கலாம். 1999இல் திறந்த அந்தக் கோஸ்டரை 2015 செப்டம்பரில் மூடி, அதே வளைவு நெளிவோடு புதுத் தண்டவாளம் போட்டு, புது ரயில்களோடு 2016 ஆகஸ்டில் திறந்தார்கள். மெட்டை மாற்றாமல் வாத்தியத்தையே புதிதாக வாங்கிய வேலை அது. பாரிஸ் டிஸ்னியில் ஏரோஸ்மித் ராக் இசைக்குழுவைக் கருவாகக் கொண்ட ராக் ’என்’ ரோலர் கோஸ்டர் எதிர்த்திசையில் போனது: 2019இல் மூடி, அவெஞ்சர்ஸ் அசெம்பிள்: ஃப்ளைட் ஃபோர்ஸ் என்று 2022 ஜூலையில் திறந்தபோது, ஓட்டத்தை அப்படியே வைத்து உள்ளே இருந்த மேடை விளக்குகளை எடுத்துவிட்டுத் திரைகளைப் போட்டார்கள். அங்கே பணம் முன்னறையில் தெரிகிறது, அசையும் அயர்ன் மேன் உருவம் பிரமாதம். ஓட்டத்துக்குள் போனால் இருட்டு மிச்சம். பழைய விளக்குகள் ரயிலின் வேகத்தைக் கண்ணுக்குக் காட்டின. அருகில் ஏதாவது கடந்து போனால்தான் வேகம் தெரியும். தூரத்துத் திரை அதைச் செய்யாது. இந்த ஒன்றில் இன்க்ரெடிகோஸ்டர் பாரிஸைவிட நல்ல முடிவு எடுத்திருக்கிறது. சுரங்கச் சுவரும் விளக்கும் தோளை ஒட்டியே ஓடுவதால் வேகம் கூடியதுபோலத் தோன்றுகிறது, உண்மையில் கூடவில்லை என்றாலும்.

ஏறப் போகிறவர்களுக்குச் சில விஷயம். குறைந்தபட்ச உயரம் 48 அங்குலம், 122 செ.மீ. முதல் வரிசையில் உட்கார்ந்தால் ஏரியை ஒட்டிய லாஞ்ச் தடையின்றிக் கிடைக்கும், உருவங்களும் முன்கூட்டியே கண்ணில் படும். சரிவு வேண்டும் என்றால் கடைசி வரிசை: ரயிலின் முன்பாதி ஏற்கெனவே விழத் தொடங்கியிருப்பதால் பின்பெட்டி உச்சியை வேகமாகக் கடந்து இழுபடும், இருக்கையிலிருந்து உடல் எழும். நடு வரிசைகள் இரண்டுக்கும் ஆகாது. தோளுக்கு மேலாக இறங்கும் தடுப்பு என்பதால் பக்கவாட்டு வளைவுகளில் காது தட்டும். தலையைப் பின்னால் சாய்த்து இருக்கையோடு ஒட்டி வைத்தால் தவிர்க்கலாம். கம்மலைக் கழற்றிவிடுவது நல்லது. தனியாளுக்கான வரிசை உண்டு; இருவர் இருவராக அமரும் ரயிலில் ஒற்றைப்படைக் குழுக்கள் வந்தால் இடம் மிச்சமாகும் என்பதால் அது பொதுவாக வேகமாக நகரும். காலையில் சக்கரங்களும் மசகும் குளிர்ந்திருக்கும், ஓட்டமும் சற்று மந்தம். மாலையில் அதே ரயில் துடிப்பாக ஓடும். இரவில் ஏறச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி இதில் கைவைப்பவர்கள் சிலைகளை மாற்றுவதற்கு முன்னால் மெதுவான ஏற்றத்தில் ஒரு நாள் கையில் நேரக்கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த உருவம் எத்தனை வினாடி கண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டால், அசைவு எங்கே வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லும்.