பேஸ்பால் வீடியோ கேம்: கடின நிலையை மாற்றுவதா, ஸ்லைடரைத் திருகுவதா?

நிஜ லீக் மாதிரியே எண்கள் வர வேண்டுமா? முதலில் ஓர் அளவுகோல்: 2023-ல் மேஜர் லீக்கின் (வட அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்) பேட்டிங் சராசரி .248; அதாவது வாக் போன்றவை சேராமல், ஆயிரம் முறை மட்டை பிடித்தால் சுமார் 248 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டுவது).

நேரம்: கடின நிலை ஒரே அழுத்தில் மாறும். ஸ்லைடர் என்பது ஆட்டத்தின் ஒவ்வோர் அம்சத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் அமைப்பு; அதற்குப் பொறுமை வேண்டும்.

துல்லியம்: இதில் ஸ்லைடர்தான். கடின நிலையைக் கூட்டினால் ஹிட், ஹோம் ரன் எல்லாமே சேர்ந்து குறையும். வாக் (மட்டை வீசாமல் விட்ட நான்கு தவறான பந்துக்கு முதல் பேஸ் இலவசம்) மட்டும் குறைவு என்றால், ஸ்லைடரில் எதிரணி பிட்சரின் (பந்து வீசுபவர்) கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தலாம். (கண்ட பந்துக்கெல்லாம் மட்டையைச் சுழற்றினால் அதுவும் உதவாது!) வாக் கூடினால் ரன்னும் கூடும்; அதனால் ஒரு தடவைக்கு ஒரு ஸ்லைடர்தான். இரண்டு மூன்று ஆட்டத்தைப் பார்த்துப் பதறி மாற்றாதீர்கள், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம்.

மொத்தமாகவே ரன் எகிறுகிறதா? கடின நிலை. ஏதோ ஓர் எண் மட்டும் உறுத்துகிறதா? ஸ்லைடர்.