நான்கு ஐப்பசி பார்த்த டிபி பாக்ஸ்

போன வாரம் மச்சான் போன் செய்தார். "உங்க வீட்டுல போட்ட டிபி பாக்ஸ் எப்படி இருக்கு மாப்ள, நாங்களும் மாத்தலாமா?" டிபி பாக்ஸ் என்றால் வீட்டுக்குள் வரும் கரண்டை லைன் லைனாகப் பிரித்து அனுப்பும் பெட்டி. கேட்ட நேரம் சரியில்லை. புளித்துப் பொங்கிய இட்லி மாவைக் கொல்லையில் கொட்டிவிட்டு அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

மயிலாடுதுறையில் எங்கள் வீடு 1988-இல் கட்டியது. மரப்பலகையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். ஃபியூஸ் போனால் அப்பா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்பி சுற்றுவார். ஃபியூஸ் கம்பி தீர்ந்துபோனால் பழைய ஒயரை உரித்து இரண்டு இழை முறுக்கிப் போடுவார். வீடு எரியாமல் தப்பியது குலதெய்வத்தின் புண்ணியம். 2021 ஆவணியில் இரண்டாவது ஏசி வாங்கியபோது பலகை தாங்காது என்று மாற்றினோம். 8 வழி பெட்டி, ஆறு எம்சிபி (ஒரு லைனில் லோடு மீறினாலோ ஷார்ட் ஆனாலோ தானே விழும் சுவிட்ச்), முழு வீட்டுக்கும் சேர்த்து 40 ஆம்பியரில் ஒரே ஒரு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்), கீசருக்குப் புது லைன், புது எர்த் குழி. கூலியோடு 14,500 ரூபாய்.

எம்சிபிகளில் ஒரு குறையும் இல்லை. ஒருமுறை அயர்ன் பாக்ஸ் ஒயர் ஷார்ட் ஆனது. அந்த ஒரு லீவர் மட்டும் விழுந்தது, கூடத்தில் சீரியல் நிற்கவில்லை. பழைய பலகைப் பக்கமே போகாத அம்மா, 74 வயதில், பிளக்கைப் பிடுங்கிவிட்டு லீவரைத் தானே தூக்கிவிட்டார்.

என் கோபமெல்லாம் ஆர்சிசிபி மேல்தான். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் அது விழ வேண்டும். யாராவது லைனைத் தொட்டு எர்த் ஆனால் உயிரைக் காப்பாற்றுவது அதுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மழை பிடித்தால் அதுவும் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருமுறை, நடு ராத்திரி ஒருமுறை விழும். கீசர் உட்பட எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டுத் தூக்கினாலும் நிற்காது.

முதலில் வந்தவர் ஆர்சிசிபியே கெட்டுவிட்டது என்று புதிது மாற்றினார். 2,000 ரூபாய் போனது, மழை வந்ததும் பழைய கதைதான். இரண்டாமவர், "30ஐ எடுத்துட்டு 100 போட்டுடலாம் சார், தொந்தரவே இருக்காது" என்றார். 100 மில்லி ஆம்பியர் வீடு தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், ஷாக் அடிக்கிற ஆளைக் காக்காது. அது தெரிந்தும் தூக்கக் கலக்கத்தில் முக்கால்வாசி ஒப்புக்கொண்டுவிட்டேன். "கீசர்ல குளிக்கிறது நாங்க, மாத்துறதை முடிவு பண்றது நீங்களா?" என்று மனைவி கேட்ட பிறகுதான் விட்டேன்.

போன மாதம் மூன்றாவதாக வந்தவரிடம் மெகர் இருந்தது, ஒயரின் தோல் வழியே கரண்ட் கசியுமா என்று பார்க்கும் கருவி. மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் லிங்க்கிலிருந்து, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் பட்டையிலிருந்து, ஒவ்வொரு ஒயராகக் கழற்றிச் சோதித்தார். கீசர் லைனில் அகப்பட்டது. சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் பெட்டியின் விளிம்பில் நியூட்ரல் ஒயரின் தோல் கிழிந்திருந்தது. பழைய ஒயரிங் அல்ல, நான் காசு கொடுத்துப் போட்ட புது லைன்! எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். தெருவில் லோடு ஏறும்போது நியூட்ரலில் சில வோல்ட் நிற்கும். சுவர் ஈரமாக இருந்தால், கிழிந்த இடம் வழியாக எர்த்துக்கு இறங்க அது போதும். மாலையும் மழையும் ஏன் என்று மூன்று வருடம் கழித்துப் புரிந்தது. இருபது நிமிட வேலை, 600 ரூபாய்.

இதோடு முடிந்திருந்தால் இதைப் புகழ்ந்தே எழுதியிருப்பேன். போன வாரம் தஞ்சாவூரில் கல்யாணம், இரண்டு நாள் வீடு பூட்டியிருந்தது. கேட் விளக்கின் கூட்டுக்குள் மழைத் தண்ணீர் புகுந்து ஆர்சிசிபி விழுந்திருக்கிறது. இந்த முறையும் தப்பு அதன் மேல் இல்லை, நிஜமான கசிவு. ஆனால் வாசல் விளக்கு நனைந்ததற்கு அடுப்படி ஃபிரிட்ஜ் ஏன் அணைய வேண்டும்? முழு வீட்டையும் ஒரே ஆர்சிசிபியில் கட்டியதன் பலன் இது. வெளி விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனித்தனி ஆர்சிபிஓ (எம்சிபி வேலையையும் ஆர்சிசிபி வேலையையும் ஒரே லைனுக்குச் சேர்த்துச் செய்வது) போட்டிருந்தால் சில ஆயிரம் கூட ஆகியிருக்கும், மாவு பிழைத்திருக்கும். அன்று பெட்டி போட்டவர் அப்படி ஒன்று இருப்பதாகவே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, சரி.

மச்சானிடம், "வேண்டாம், நிம்மதியாக இருங்கள்" என்று சொல்லி போனை வைத்தேன். அவர்கள் வீட்டுக் குளியலறையில் பிளாஸ்டிக் வாளிக்குள் தொங்கும் ஹீட்டர் கம்பி நினைவுக்கு வந்தது. மூன்றாவதாக வந்தவரின் நம்பரை உடனே அனுப்பினேன்.