நாள்தோறும் உடன் கொண்டுசெல்ல ரிவால்வரே ஏற்றது: .32 கைத்துப்பாக்கிகள் குறித்து ஒரு மதிப்புரை

பெங்களூரு நகரத்பேட்டையிலும் அவென்யூ சாலையை ஒட்டிய சந்துகளிலும் நகைத்தொழில் செய்யும் தமிழர்களில், தங்கத்தையும் ரொக்கத்தையும் கையில் கொண்டு நடமாட வேண்டியிருப்பதால் தற்காப்புக்கெனத் துப்பாக்கி உரிமம் பெற்றவர்கள் சிலர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். உரிமம் கைக்கு வந்தவுடன் ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வி, ரிவால்வர் வாங்குவதா, பிஸ்டல் வாங்குவதா என்பதுதான். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரின் அறைகளில் இருக்கும். பிஸ்டலில் அவை கைப்பிடிக்குள் செருகும் மேகசின் என்ற பெட்டியில் இருக்கும்; ஒவ்வொரு முறை சுட்டதும் மேலுள்ள ஸ்லைடு என்ற பகுதி பின்சென்று அடுத்ததை ஏற்றும். இரண்டையும் சுடுதளத்தில் சுட்டுப் பார்த்தும், ரிவால்வரை நெடுங்காலம் இடுப்பில் சுமந்தும் நான் வந்தடைந்த முடிவு உறுதியானது. நம் நாட்டுச் சட்டமும் நமக்குக் கிடைக்கும் தோட்டாவும் நம்மால் செய்யக்கூடிய பயிற்சியும் இப்போதிருக்கும் நிலையில், சாதாரணக் குடிமகன் தினமும் உடன் வைத்திருக்க ரிவால்வரே ஏற்றது.

பிஸ்டலுக்கு ஆதரவாக நாம் படிக்கும் வாதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே ஒருவர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950இல் அறிமுகப்படுத்திய, ஐந்து தோட்டாக்கள் மட்டுமே கொள்ளும் .38 ஸ்பெஷல் குட்டை ரிவால்வரையும், பத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் கொள்ளும் 9 மில்லிமீட்டர் பிஸ்டலையும் எதிரெதிரே வைத்து ஒப்பிட முடியும். 1980களில் ஆஸ்திரியாவின் குளோக் 17 சந்தைக்கு வந்து, பதினேழு தோட்டாக்கள் கொண்ட எடை குறைந்த பிஸ்டல் எவருக்கும் கிடைக்கும் என்றான பிறகு, அங்கே காவல்துறையினர் கூட ரிவால்வரைக் கைவிட்டதில் வியப்பில்லை. இந்தியாவில் 9 மில்லிமீட்டர் தடைசெய்யப்பட்ட காலிபர், அதாவது குழல் விட்ட அளவு. சாதாரண உரிமத்தில் அது கிடைக்காது. தனியாருக்கான இறக்குமதியும் 1980களின் நடுவிலிருந்து பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆகவே நம் முன் இருக்கும் தேர்வு பெரும்பாலும் .32 (அங்குலக் கணக்கில் காலிபர்) ரிவால்வருக்கும் .32 பிஸ்டலுக்கும் இடையில்தான். அந்த நிலையில், தோட்டாக்களின் எண்ணிக்கை, குண்டின் வேகம், தாக்கும் ஆற்றல் ஆகியவற்றில் பிஸ்டலுக்கு அமெரிக்காவில் இருக்கும் பெரிய முன்னிலை இங்கே மிகச் சிறியதாகச் சுருங்கிவிடுகிறது.

ரிவால்வரில் பயன்படும் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவும், பிஸ்டலில் பயன்படும் .32 ஏ.சி.பி. தோட்டாவும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. முன்னது 1896இலும், ஜான் பிரௌனிங் வடிவமைத்த பின்னது 1899இலும் வந்தன. முன்னதன் குண்டு வழக்கமாக 98 கிரெயின், அதாவது ஆறு கிராமுக்குச் சற்று மேல். பின்னதன் குண்டு 71 கிரெயின், அதாவது நாலரைக் கிராம் அளவு. பிஸ்டல் குண்டு இலேசானது, வேகமானது. ரிவால்வர் குண்டு கனமானது, நிதானமானது. ஆற்றலைக் கணக்கிட்டால் பிஸ்டல் சற்று முன்னே நிற்கும் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் இரண்டும் மிதமான தோட்டாக்களே. அந்தச் சிறிய வேறுபாட்டை வைத்து ஆயுதத்தைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

தேர்வைத் தீர்மானிப்பது நம்பகத்தன்மை. உள்நாட்டுத் தோட்டாக்களின் விலை அதிகம். உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் வாங்கவும் முடியாது. வாங்கிய பெட்டியைப் பல ஆண்டுகள் வைத்திருப்பவர்களே அதிகம். மழைக்காலத்தில் பெங்களூருவின் ஈரத்தைத் தாங்கிக் கிடந்த பழைய தோட்டா எப்போதாவது வெடிக்காமல் போவது இயல்பு. பிஸ்டலில் அப்படி நேர்ந்தால், இடது கையால் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, வெடிக்காத தோட்டாவை வெளியேற்றி, புதியதை உள்ளே ஏற்ற வேண்டும். பயிற்சி பெற்றவருக்கு அது ஓரிரு நொடி வேலை. பயிற்சியில்லாதவருக்கு, அதுவும் ஒரு கையில் பையைப் பற்றியிருக்கும் போது, அது செய்ய முடியாத வேலை. ரிவால்வரில் மீண்டும் ஒருமுறை விசையை இழுத்தால் போதும். சிலிண்டர் தானே சுழன்று அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திவிடும். பயிற்சிக்குத் தோட்டா கிடைக்காத நாட்டில் இந்த ஒரு குணத்துக்காகவே நான் ரிவால்வரைத் தேர்ந்தெடுப்பேன்.

பிஸ்டலின் இயக்கம், சுடுபவரின் பிடியையும் மேகசினின் நலத்தையும் நம்பியிருக்கிறது. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடு முழுமையாகப் பின்செல்லாமல், சுட்ட தோட்டாவின் காலி உறை இடையில் சிக்கிக்கொள்ளலாம். மேகசினின் மேல்விளிம்பு சற்றே வளைந்திருந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் தோட்டா சரியாக ஏறாது. .32 ஏ.சி.பி. தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிடச் சற்றே அகலமானது என்பதால், மேகசினில் மேலிருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழிருக்கும் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் கோளாறும் அதற்கு உண்டு. பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்களைப் பெருந்தொகை கொடுத்து வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவற்றுக்குரிய அசல் மேகசின் தொலைந்தாலோ கெட்டாலோ மாற்று கிடைப்பது மிக அரிது. மேலும், கைகலப்பில் பிஸ்டலின் முனை எதிராளியின் உடலில் அழுந்தி ஸ்லைடு சற்றே பின்னே தள்ளப்பட்டால் அது சுடாமலே போகக்கூடும். ரிவால்வரில் இந்த இடர் இல்லை. தற்காப்புக்கான தேவை எழுவது பெரும்பாலும் கைக்கெட்டும் தொலைவில்தான் என்பதால் இதற்கு நான் பெரும் மதிப்புக் கொடுக்கிறேன்.

வீட்டுப் பாதுகாப்பு குறித்தும் சொல்ல வேண்டும். இதை எவரும் போதிய அளவு பேசுவதில்லை. வெளியே போகும்போது தோட்டா நிரப்பி, வீடு திரும்பியதும் அவற்றை எடுத்துவிட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவதே நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் முறை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதுவே சரியான முறை. பிஸ்டலில் மேகசினைக் கழற்றிய பின்னும், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் குழலறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். அதை மறந்து விசையைத் தொட்டதால் நேர்ந்த விபத்துகள் உலகெங்கும் உண்டு. ரிவால்வரைத் திறந்தால் ஆறு அறைகளும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நிரம்பியிருக்கிறதா, காலியா என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. இன்னொன்றும் உண்டு. பிஸ்டலில் தினமும் ஒரே தோட்டாவைக் குழலறையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால், அதன் குண்டு சிறிது சிறிதாக உறைக்குள் அமிழ்ந்து, சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர வாய்ப்புண்டு. தோட்டாவை அடிக்கடி மாற்ற வசதியுள்ளவர்களுக்கு அது பொருட்டில்லை. நமக்கு ஒவ்வொரு தோட்டாவும் கணக்கில் வருவது. ரிவால்வரில் தோட்டாவைக் கையால் வைத்துக் கையால் எடுக்கிறோம். அதற்கு எந்தத் தேய்மானமும் இல்லை.

இந்தக் குழலறைத் தோட்டாவுக்கு அஞ்சியே பலர் பிஸ்டலைக் காலி அறையோடு சுமக்கிறார்கள். அப்படியானால் தேவைப்படும் நேரத்தில் இரு கைகளும் வேண்டும், நிதானமும் வேண்டும். ரிவால்வரின் நீண்ட, கனத்த விசை இழுப்பே அதன் பாதுகாப்பு. தனியாக விலக்க வேண்டிய பூட்டு எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: கீழே விழுந்தால் சுத்தியல் தோட்டாவைத் தட்டாதபடி தடுக்கும் அமைப்பு எல்லாப் பழைய ரிவால்வர்களிலும் இல்லை. பழையதை வாங்குபவர் இதைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ள வேண்டும்; அமைப்பு இல்லையென்றால் சுத்தியலுக்குக் கீழுள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டாக்களோடு நடமாடுவதே அறிவுடைமை.

கடையில் கிடைக்கும் ரிவால்வர்களுக்கு வருகிறேன். கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் நெடுங்காலத் தயாரிப்பான .32 ரிவால்வர், பிரிட்டனின் வெப்லி ரிவால்வர்களின் வழியில் நடுவே மடிந்து திறக்கும் வகை. திறந்தவுடன் காலி உறைகள் அனைத்தும் ஒருசேர வெளியே தள்ளப்படும். எளிமையானது, கெட்டியானது, கையில் வாகாக அமர்வது. 2014 ஜனவரியில் பெண்களை மனத்தில் கொண்டு வெளியிடப்பட்ட 'நிர்பீக்' அதே வகையின் எடை குறைந்த வடிவம். டைட்டேனியம் உலோகக் கலவையால் ஆனதால் அரைக் கிலோ அளவே கனக்கும். வெளியானபோது அதன் விலை 1,22,360 ரூபாய். அந்த விலை நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் கைக்கு எட்டாதது என்று அப்போது எழுந்த விமர்சனம் நியாயமானதே. ஆனாலும் நாள் முழுவதும் சுமப்பவருக்கு இருநூறு கிராம் குறைவதன் அருமை மாலையில்தான் தெரியும். ஆயுதத் தொழிற்சாலைகள் 2021இல் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பிறகு, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த 'பிரபல்', சிலிண்டர் பக்கவாட்டில் விலகித் திறக்கும் வகையைச் சேர்ந்தது. குழலின் நீளம் 76 மில்லிமீட்டர், மொத்த நீளம் 177.6 மில்லிமீட்டர், எடை சுமார் 700 கிராம். ஐம்பது மீட்டர் வரை பயன்படும் என்பது அதன் விளம்பரத்தில் முன்வைக்கப்படும் சிறப்பு. தற்காப்புக்கு ஐம்பது மீட்டர் தேவையே இல்லை என்பது என் எண்ணம். அதைவிட, மடியும் மூட்டு இல்லாத முழுச்சட்டம் கொண்டது என்பதே எனக்கு அதில் பிடித்தது. மூட்டு இல்லாத இடத்தில் காலப்போக்கில் ஆட்டம் காணவும் எதுவும் இல்லை. புதிதாக வாங்குபவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

மறைத்துச் சுமப்பது நம் நாட்டில் விருப்பத்தைப் பொறுத்ததன்று, அது விதி. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென அமைந்த உறையிலோ பையிலோ, முழுவதும் மூடப்பட்ட நிலையில், நம் கட்டுப்பாட்டில் வைத்தே கொண்டுசெல்ல வேண்டும். எவர் முன்னும் எடுத்துக் காட்டி மிரட்டக் கூடாது. இங்கே பிஸ்டலுக்கு ஒரு மேன்மை உண்டு. அது தட்டையானது, இடுப்போடு ஒட்டி நிற்கும். ரிவால்வரின் சிலிண்டர் புடைத்துத் தெரியும். சட்டையைத் தளர்வாக வெளியே விட்டு, வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் உறையை வைத்தால் இந்தப் புடைப்பு மறைந்துவிடுகிறது. பெங்களூருவில் ஆண்டின் பல மாதங்கள் மேலே ஒரு சட்டை கூடுதலாக அணிந்தாலும் எவரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. சுத்தியலின் கொம்பு துணியில் மாட்டாமலிருக்க அதை மூடும் பட்டை வைத்த உறை வேண்டும். உறை எதுவானாலும் விசையை முழுவதும் மூட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தோலுறை வியர்வையை உறிஞ்சித் துருவேற்றும் என்பதால், இரவில் துப்பாக்கியை அதிலிருந்து எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

ரிவால்வரின் குறைகளையும் எடைபோட்டே இந்த முடிவுக்கு வந்தேன். ஆறு தோட்டாக்களுக்குப் பிறகு மறுபடி நிரப்ப நேரமாகும். கனத்த விசையினால் தொடக்கத்தில் குறி இடப்பக்கமாகவோ கீழாகவோ விலகும். தோட்டா இல்லாமல், பயிற்சிக்கான போலித் தோட்டாக்களை அறைகளில் இட்டு, வீட்டில் பாதுகாப்பான திசையில் விசையை இழுத்துப் பழகினால் அது பெருமளவு சீராகும். ரிவால்வர் பழுதாவது அரிது. ஆனால் சிலிண்டரின் ஒழுங்கு பிசகினால் கையால் சரிசெய்ய முடியாது, பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். தேர்தல் காலங்களில், 2023 சட்டமன்றத் தேர்தலின்போது கர்நாடகத்தில் நடந்ததைப் போல, ஆயுதங்களைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டியிருக்கும். வாரக்கணக்கில் அலமாரியில் கிடந்துவிட்டு வரும் ஆயுதத்தைத் திரும்பப் பெற்றதும் சோதித்துப் பார்க்க, ரிவால்வரில் சிலிண்டரையும் சுத்தியலையும் பார்த்தால் முடிந்தது. பிஸ்டலைப் பிரித்துச் சேர்த்தால்தான் நிம்மதி வரும்.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், தவறான ஒன்றை வாங்கிவிட்டு மூன்றாவதாகச் சரியானதை வாங்கும் வழியும் இல்லை. சுடுதளத்தில் உறுப்பினராகி வாரந்தோறும் சுடுபவர், பழுது நீக்கும் பயிற்சியைக் கைக்குப் பழக்கமாக்கிக்கொண்டவர், மேகசின்களைச் சுத்தமாக வைத்துக் குறித்த காலத்தில் ஸ்பிரிங் மாற்றுபவர் ஆகியோர் .32 பிஸ்டல் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார், அவர் கையில் பிஸ்டல் பத்திரமாகவே இருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் சுடுதளத்துக்குப் போகக்கூடிய கடைக்காரரும், மூட்டுவலியால் ஸ்லைடை இழுக்கச் சிரமப்படும் முதியவரும், உரிமத்துக்குக் கட்டாயமான பாதுகாப்புப் பயிற்சியை இப்போதுதான் முடித்தவரும் ரிவால்வரையே வாங்க வேண்டும். அதிலும் வாங்குமுன் கடையிலேயே, காலியா என்று திறந்து பார்த்தபின், கடைக்காரரின் அனுமதியோடு விசையைப் பலமுறை இழுத்து, ஆறு அறைகளும் ஒவ்வொன்றாகக் குழலுக்கு நேரே அசையாமல் வந்து நிற்கின்றனவா என்று பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.