பழைய டியர்டிராப் டிரெய்லர்: கூரையை வெட்டலாமா, வேண்டாமா?

போர்ட்லாண்டில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "பழைய டியர்டிராப் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கட்டுமா? வாங்கினால் அப்படியே வைத்துக்கொள்வதா, புதுசாக்கிவிடுவதா?" டியர்டிராப் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், கண்ணீர்த்துளி வடிவச் சின்ன கேம்பிங் வண்டி. போன மாதம்தான் எங்கள் வண்டியில் பின்பக்கத் தரை ஊறிப்போய், பிளைவுட்டை அறுத்து மாற்றினோம். செலவழித்த சூடு இன்னும் ஆறவில்லை. அதனால் எழுத்தில் கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது கம்பெனி வண்டி இல்லை. 1940களின் கடைசியில் யாரோ வீட்டிலேயே செய்தது. உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் மிஞ்சிய அலுமினியத் தகடும் ஜீப் சக்கரங்களும் சந்தைக்கு வந்தன. மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் போன்ற இதழ்கள் வரைபடம் போட்டன, கைவேலை தெரிந்தவர்கள் கார் ஷெட்டில் வைத்துச் செய்துகொண்டார்கள். நாலடி அகலம், எட்டடி நீளம். உள்ளே படுக்க மட்டும்தான் இடம். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி.

நான் சொல்ல வந்தது ஈரத்தைப் பற்றி. ஒழுகலை அல்ல, ஒழுகலுக்கு வைத்தியம் உண்டு. இது இரண்டு பேர் ராத்திரி முழுக்க விடும் மூச்சு. அந்தச் சின்னப் பெட்டிக்குள் அது போக வழியில்லாமல், குளிர்ந்து கிடக்கும் கூரையில் போய்ப் படிகிறது. விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் மேலே இருக்கும் மெல்லிய பிளைவுட் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளி. கைபட்டால் நாலைந்து ஒன்றாகச் சேர்ந்து முகத்தில் விழும். மெத்தைக்கு அடியில் இன்னும் மோசம். உடம்புச் சூட்டோடு கீழே இறங்கும் ஈரம், குளிர்ந்த தரைப் பலகையில் பட்டு அங்கேயே நின்றுவிடும். "அடியில கை வச்சுப் பாருங்க" என்று மனைவி சொல்லாத பயணம் இல்லை.

நியாயமாகச் சொன்னால், இது வண்டியின் குற்றம் மட்டும் இல்லை, இடத்தின் குற்றமும்தான். நாங்கள் இருப்பது சியாட்டில் பக்கம். பிடித்த இடங்களெல்லாம் அதற்கு மேற்கே, ஒலிம்பிக் தீபகற்பத்தில். அங்கே ஹோ மழைக்காட்டில் வருஷத்துக்குச் சுமார் 140 அங்குலம் மழை. இதே வண்டியைக் கேஸ்கேட் மலையைத் தாண்டிக் கிழக்கே, வறண்ட பக்கம் கொண்டுபோனால் காலையில் எல்லாம் காய்ந்துதான் இருக்கும். தெற்கு கலிஃபோர்னியாவில்தான் இந்த வகை நிறைய புழங்கியது. அந்த ஊர் ராத்திரிக்கு இது போதும்.

இதற்கு ஊரறிந்த வைத்தியம் கூரையில் மின்விசிறி. 14 அங்குலத்துக்கு 14 அங்குலம் சதுரமாக வெட்டி, விசிறியை உட்கார வைத்து, ஓரத்தில் தண்ணீர் புகாமல் இருக்க பியூட்டைல் டேப் ஒட்டி இறுக்கினால் வேலை முடிந்தது. ஆனால் வேலை அதோடு நிற்பதில்லை என்பதுதான் விஷயம். விசிறிக்கு 12 வோல்ட் வேண்டும், அதற்கு பேட்டரி வேண்டும். பேட்டரிக்குப் பெட்டியும் ஃபியூஸும் சார்ஜரும் வேண்டும். இவ்வளவு வந்த பிறகு சோலார் தகடு மட்டும் எதற்கு பாக்கி என்று தோன்றும். அதே தீபகற்பத்தில் இருக்கும் கிளேலாக் கடற்கரை கேம்பிங் இடத்தில் கரண்ட் இணைப்பு கிடையாது, ஆகவே அதுவும் நியாயமாகத்தான் படும். ஒரு ஓட்டையில் ஆரம்பித்தால், கடைசியில் பழைய ஓட்டுக்குள் புது வண்டி ஒன்று உட்கார்ந்திருக்கும்.

நான் எதையுமே மாற்றக் கூடாது என்று சொல்கிறவன் இல்லை. உயிர் சம்பந்தப்பட்டதில் பழமைக்கு மரியாதை கிடையாது. காரோடு மாட்டும் இணைப்பு, கார் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டின் மேல் உட்காருவது; அது பழைய 1⅞ அங்குலக் குண்டுக்கானது. அதைக் கழற்றி 2 அங்குலத்துக்கானதைப் போட்டேன். சங்கிலி, டயர், வீல் பேரிங் எல்லாம் புதுசு. 6 வோல்ட் காலத்து வயரிங்கை முழுசாக உருவிப் போட்டுவிட்டு, பழைய பின்விளக்குக் கூட்டுக்குள்ளேயே எல்இடி வைத்தாயிற்று. பின்கதவுக் கீலையும் மாற்றினேன். முன்பு இருந்த நீளக் கீலின் கணு ஒவ்வொன்றிலும் தண்ணீர் இறங்கும். இப்போது இருப்பது ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் அலுமினியக் கீல். வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

ஈரத்துக்கும் வெட்டாமல் செய்யக்கூடியதைச் செய்தேன். மெத்தைக்கு அடியில் மரப்பட்டைகள் அடித்துக் காற்றோட இடம் விட்டேன். ஒரு ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் கம்ப்யூட்டர் விசிறி பொருத்திய பலகையைச் சொருகினேன். சின்ன பேட்டரியே அதற்குப் போதும். எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் காற்று ஓடுகிறது. பாதி ஈரம் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, மனைவி இன்னும் கை வைத்துக் காட்டுகிறாள்.

போன மாதம் தரையை அறுத்தபோது இன்னொன்று நடந்தது. பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் இடுக்கை அடைத்திருந்த பழைய மக்கு காய்ந்த களிமண்ணாக உதிர்கிறது, துருப்பிடித்த இரும்புத் திருகைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்திருக்கிறது. இதையெல்லாம் பார்த்து எரிச்சலில் நின்றபோது, உள்ளே சட்டத்தில் பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. செய்தவரின் அளவுக் குறிப்பு. ஒரு எண்ணை எழுதி, அடித்துவிட்டு, பக்கத்திலேயே சரியானதை எழுதியிருக்கிறார். அந்தத் துண்டில் ஊறல் ஏறவே இல்லை. கூரைத் தகட்டையும் போய்ப் பார்த்தேன். முன்னாலிருந்து பின்கதவு வரை ஒட்டுப்போடாத ஒரே தகடு, வளைவு எங்கும் நெளியாமல் இறங்குகிறது.

"எப்படியும் திறந்தாச்சு, கூரையையும் இப்பவே வெட்டிடலாமே" என்றார் ரிப்பேர் பார்த்தவர். மனைவியும் அதையேதான் சொன்னாள். உடம்புக்கும் மெத்தைக்கும் அதுதான் நல்லது. வண்டியை அடிக்கடி வெளியே எடுக்கவும் அதுதான் வழி. எல்லாம் சரிதான், என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாற்றிய மற்ற எதையும் நாளைக்குக் கழற்றிப் பழையபடி வைக்கலாம். வெட்டிய தகட்டை ஒட்டவைக்க முடியாது. இன்னொருவர் அவ்வளவு பார்த்துப் பார்த்து வளைத்ததில் ரம்பம் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மழைக்குள் பின்கதவைத் தூக்கி, அதன் நிழலில் நின்று ஃபில்டர் காபி இறக்கும் சுகத்துக்கு இதுவரை நான் ஈடு கண்டதில்லை. சின்ன காரே இழுக்கும், பின்னால் ஒன்று வருவதே தெரியாது. பெட்ரோல் போட நிறுத்தினால் நாலு பேர் வந்து தொட்டுப் பார்த்துப் பேசிவிட்டுப் போவார்கள். இத்தனையும் சொல்லிவிட்டு நண்பருக்கு நான் சொல்வது: வாங்காதீர்கள். போர்ட்லாண்ட் மழையில் வாரா வாரம் குழந்தையோடு போக நினைக்கிறீர்கள். கூரை விசிறியோடு தொழிற்சாலையிலிருந்து வரும் புது டியர்டிராப்பாகப் பாருங்கள். பழையதை வாங்கினால் முதல் மழைக்காலத்திலேயே கூரையை வெட்டிவிடுவீர்கள், அதை நான் பார்க்க வேண்டாம்.

அதையும் மீறி வாங்குவதென்றால், போகும்போது கையில் ஒரு குத்தூசி இருக்கட்டும். பக்கச் சுவரின் கீழ் விளிம்பில், பின்கதவை ஒட்டிய மூலையில், அடியிலிருந்து குத்திப் பாருங்கள். மாவு மாதிரி உள்ளே இறங்கினால் விற்பவர் சொல்லும் விலையில் பாதிக்குக்கூட ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், உரிமைப் பத்திரம் விற்பவர் பேரில் இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.