இரட்டைக் கண்ணாடி ஜன்னலா, உட்புறம் இன்னொரு ஜன்னலா?

சாலையை ஒட்டிய படுக்கையறைக்குள் வாகன இரைச்சல் புகாமல் தடுக்க மூன்று வழிகளை யோசித்தேன்: காதடைப்பான், பழைய ஜன்னலைக் கழற்றிவிட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னல், பழையதை விட்டுவைத்து உட்புறம் இன்னொரு ஜன்னல். மூன்றாவதைப் பொருத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

நுரையாலான காதடைப்பானை மெல்லிதாக உருட்டி, காதுமடலை மேலே இழுத்துச் செருகினால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் குழந்தை அழுதாலும் கேட்காமல் போகலாம்.

உறக்கம் கலையாவிட்டாலும் இரைச்சலுக்கு இதயத் துடிப்பு உயரும் என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல் படுக்கையறைக்குள் தொடர் ஒலிக்கு 30 டெசிபெல் என்று வரம்பு வைக்கிறது. வழக்கமான இரட்டைக் கண்ணாடியில் இடைவெளி 12 முதல் 16 மில்லிமீட்டர்தான். இரண்டு கண்ணாடிகளும் ஒரே தடிமனாக இருந்தால் லாரியின் தாழ்ந்த உறுமல் அதிகம் குறைவதில்லை. உள் ஜன்னலுக்கு 100 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கண்ணாடியையும் வேறு தடிமனில் போட முடிந்தது.

எனினும் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தடுப்பு ஏறத்தாழ 20 டெசிபெலோடு நின்றுவிடும். ஆகவே சட்டத்தைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டைதான் உயிர்நாடி. ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து ஜன்னலைச் சாத்தி இழுத்துப் பார்ப்பேன். முதல் ஆண்டு முடிவில் கீழ் மூலையில் அது தடையின்றி வழுக்கி வந்தது. அங்கே பட்டை இறுகித் தட்டையாகியிருந்தது. அறைக்குள் நின்றபடியே அரை மணி நேரத்தில் மாற்றினேன், அன்றிரவே வேறுபாடு தெரிந்தது. இரட்டைக் கண்ணாடியிலோ விளிம்பின் அடைப்பு விட்டுப்போனால் உள்ளே ஈரம் படிந்து மங்கும். அந்தக் கண்ணாடித் தொகுதியையே மாற்ற வேண்டும்.

குறையும் உண்டு. இரண்டு ஜன்னல்களையும் சாத்தினால் காற்றோட்டம் நின்றுவிடுகிறது. சாலைக்கு எதிர்ப்புறச் சுவரில் காற்றுவழி அமைத்த பிறகே புழுக்கம் தணிந்தது. என் அனுபவம் சாலை இரைச்சலோடு சரி. விமானப் பாதைக்குக் கீழே வசிப்பவர்கள் கூரையையும் சோதித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.